செக் நாட்டுக்காரிக்கு அனுஷ நட்சத்திரம்

குட்டிம்மா,

நேற்றுச் சாயங்காலம் செகிஞ்சான் படகுத்துறையில் மீன் வாங்கிவிட்டு நம் கோப்பிக்கடையில் உட்கார்ந்தேன். சுவரில் இருந்த டிவியில் உன் செக் நாட்டு டென்னிஸ்காரி. தோளில் அடிபட்டு ரொம்ப நாளாய் ஆடாமல் கிடந்தவள், திரும்ப வந்திருக்கிறாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். பின்னல் மட்டும் அதே பின்னல். உன்னிடம் சொல்லப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அந்தக் கடையில் எல்லாருக்கும் பூப்பந்துதான் உயிர். நீதான் கடை முதலாளி சீனத் தவுக்கேயிடம் கெஞ்சி டென்னிஸுக்கு மாற்ற வைப்பாய். மறுபடியும் அந்த வெள்ளைக்காரியா என்று அவர் மலாய் மொழியில் சலித்துக்கொள்வார். "அவ ஊருல அவ வந்து எறங்குனா ரோடே நெறைஞ்சிடும். இங்க அவளுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன், விடுங்க லா" என்பாய்.

அவளும் உன்னைப்போல் இடது கைக்காரி. சின்னதில் இடது கையால் சோறு எடுத்ததற்கு நீ வாங்கிய அடி எனக்குத்தான் தெரியும். அவள் பெரிய கோப்பையை ஜெயித்த அன்று, "பாத்தியாக்கா, அந்தக் கைக்கு ஒலகமே கை தட்டுது. நம்ம அம்மாவா இருந்தா கரண்டியாலயே போட்டிருக்கும்" என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாய்.

அந்த ஆட்டத்துக்கு முன்னால் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை வைத்தாயே!

"இது என்னம்மா பேரு, வாயில நொழைய மாட்டேங்குது. நட்சத்திரம்?" என்றார் பூசாரி.

"தெரியலையே சாமி. என்னோடதையே போடுங்க. அனுஷம்."

"அப்ப பலன் யாருக்குப் போவும்?"

"பாதிப் பாதி, சாமி."

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அவள் அடிபட்டுப் படுத்ததும் தவுக்கேகூட அவளை மறந்துவிட்டார். நீ மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்கு அனுஷத்தில் அர்ச்சனை வைத்தாய்.

போன வருஷம் டிங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. வருஷத் திதி முடிந்து இன்றைக்குத்தான் கோயில் படி ஏறினேன். பூசாரி நம் வீட்டு ஆட்கள் பேரையெல்லாம் கேட்டு வந்தார். உன் பேர் வரும் இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. போனவர்களுக்கு அர்ச்சனை கிடையாது. அனுஷம் என்று இனி அந்தச் சன்னதியில் நமக்காக யாரும் சொல்லப்போவதில்லை.

"இன்னும் ஒருத்தங்க இருக்காங்க சாமி" என்றேன். செக் நாட்டுக்காரியின் பேரைச் சொன்னேன். உன் நட்சத்திரத்தைச் சொன்னேன்.

பூசாரி என் முகத்தையே பார்த்தார். அனுஷத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

காது குளிரக் கேட்டேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் பயம் வந்தது. என் ஆசைக்காகச் செய்துவிட்டேன். அவள் உயிரோடு இருக்கிற பெண். நாளைக்கு ஆடப்போகிறாள். அவளைப் பெற்றவளும் எங்கேயோ கும்பிட்டுக்கொண்டுதான் இருப்பாள். உன்னைக் காப்பாற்றாத நட்சத்திரம் அவளைக் காப்பாற்றுமாடி?