தூங்கும் பக்கங்களுக்கு இடமில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் அடித்தால் எடுப்பதில்லை. மின்னஞ்சல் போட்டால் கிணற்றில் போட்ட கல். உன் கீழ்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டால், "இருக்காருங்க, வேலைக்குப் போறாரு, வர்றாரு, லைட் எரியுது" என்கிறார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டால் லைட் எரிகிறது என்று பதில் வந்தால் எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு. அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க முடியும். தப்பிக்க வழியில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று கை தானாக எழுதப் பார்க்கிறது. எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். மகள் வேலை மாற்றிக்கொண்டு இன்னும் தூரமாகப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், அதுவும் துணி துவைத்துக்கொண்டே. கண்ணாடிக் கடையில் வேலைக்கு மட்டும் குறைவில்லை. முதலாளி லென்ஸ் தேய்க்கப் புது மிஷின் வாங்கிப் போட்டிருக்கிறார். அது தேய்த்துக் கொடுப்பதை நான் ஃப்ரேமில் பொருத்தும் முன் மறுபடி தேய்க்கிறேன். "எதுக்கும்மா ரெண்டு வேலை?" என்று கேட்டார். மிஷினுக்கு மூக்கு இல்லை சார், யார் மூக்கில் எப்படி உட்காரும் என்று அதற்கு எங்கே தெரியும் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பதிவர் குழுவில் வாரம் ஒருவர் பொறுப்பெடுத்து, தான் படித்த நல்ல வலைப்பூக்களை மற்ற பதிவர்களுக்கு அறிமுகம் செய்வார்களே, அடுத்த மாதம் முதல் வாரம் அது என் தலையில் விழுந்திருக்கிறது. இத்தனை வருஷமாகக் 'கண்ணாடிக்காரி' என்று பேர் வைத்துக்கொண்டு நாலு வரி கிறுக்குகிறவளை யார் ஞாபகம் வைத்திருந்தார்கள் என்றே தெரியவில்லை. சந்தோஷம்தான். பயமும் இருக்கிறது.

நல்ல பக்கம் தேடிப் பிடிப்பது லேசான வேலை இல்லையடா. மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து தேடுகிறேன். ஒரு பக்கத்தைத் திறந்தால் திரை முழுக்கப் பனி கொட்டுகிறது, எழுத்தைக் காணோம். இன்னொருவர் கறுப்பின் மேல் சிவப்பில் எழுதுகிறார். இவரால்தான் நம் கடைக்கு ஆள் வருகிறது போல. ஒன்றைத் திறந்ததும் தானாகப் பாட்டு அலற ஆரம்பித்தது. கண் சோதனைக்கு மோவாயை வைத்து உட்கார்ந்திருந்த பெரியவர் பதறி எழுந்ததில் அவர் பார்வை எவ்வளவு என்று திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. பாதிப் பேர் அங்கே இங்கே எடுத்து ஒட்டிய நகைச்சுவைத் துணுக்குக்காரர்கள். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, நடுவில் சில பக்கங்கள் கிடைக்கின்றன. ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர், வண்டியில் ஏற்றிய யாரைப் பற்றியும் எழுதாமல், திரும்பி வரும்போது காலியாக இருக்கும் வண்டியைப் பற்றி மட்டுமே எழுதுகிறார். படித்துவிட்டு வெகு நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கை போனை எடுத்தது. அப்புறம் வைத்துவிட்டேன்.

என் பட்டியலில் முதல் பெயர் 'நடுமாடி' என்று எழுதி வைத்திருந்தேன். உன் பக்கம்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் எழுதுவதில் என்ன இருக்கப்போகிறது என்று வந்தவர்களெல்லாம், பூனையோடு இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வக்கீலின் கதையைப் படித்துவிட்டு உன் பின்னாலேயே சுற்றினார்கள். அதைக் குழுவை நடத்தும் ஐயாவிடம் சொன்னேன். அவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டம் பேசாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஆறு மாதமாகப் புதுப் பதிவு இல்லாத பக்கத்தைச் சேர்ப்பதில்லை என்பது விதியாம். "தூங்குற பக்கத்துக்கு ஆள அனுப்புறது, பூட்டின வீட்டுக்கு விருந்தாளிய அனுப்புற மாதிரிம்மா" என்றார்.

நீ ஏன் எழுதுவதை விட்டாய் என்று எனக்குத் தெரியாதா? உன் மனைவி கண்ணை மூடிய பிறகு நீ எழுதியது ஒரே ஒரு பதிவு. 'ஓர் ஆளுக்குச் சமையல்'. இருவருக்கு அளக்கும் டம்ளரில் ஒருவருக்கு எவ்வளவு என்று தெரியாமல் மூன்று நாள் சோற்றைக் கொட்டிவிட்டு, நாலாம் நாள் ஆணியால் டம்ளரின் உள்ளே ஒரு கோடு கிழித்ததை எழுதியிருந்தாய். அவள் இல்லை என்று நீ ஊருக்குச் சொன்னதே அந்தப் பதிவில்தான். அதன் கீழே முதல் பின்னூட்டம்: "பேச்சிலர்களுக்குப் பயனுள்ள குறிப்பு! ஞாயிறு செய்து பார்க்கிறேன். தொடருங்கள் அண்ணா. நேரம் கிடைத்தால் நம்ம பக்கமும் எட்டிப் பாருங்கள்." அதைப் பார்த்து அடுத்து வந்த நாலு பேர் "அருமை", "அருமை", "சுவையான பதிவு". தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிற புண்ணியவான்கள். முதலில் போட்டவன் பேர் 'அரட்டைப்பெட்டி'. அவன் கையில் கிடைத்தால் கண்ணாடி இல்லாமல் எழுத்துப் பலகையை வாசிக்க வைத்துவிட்டுத்தான் விடுவேன். நீ திட்டியிருக்கலாம். அழித்திருக்கலாம். பின்னூட்டப் பெட்டியைப் பூட்டிவிட்டு எழுந்து போய்விட்டாய்.

ஒரே ஒரு பதிவு போடு தம்பி. பெரிதாக ஒன்றும் வேண்டாம். நேற்று எந்த லிஃப்ட் நின்றது, யார் உன்னைத் திட்டினார்கள், அது போதும். உன் பக்கம் விழித்துக்கொள்ளும், நான் தைரியமாகச் சேர்த்துவிடுவேன். சாப்பிடாமல் இருந்துவிடாதே. பதில் போடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இன்னும் அப்படித்தான் இழுக்கிறாய். உன்னிடமிருந்து எனக்கு வந்த பதில் அது ஒன்றுதான். ஆனாலும் கடையில் ஒரு வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோபமும் வந்தது. பேனாவைப் பிடிக்கத் தெரிகிறதல்லவா, இன்னும் இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்?

சரி, திட்டுவதற்கு இந்தக் கடிதம் இல்லை. என் வாரம் முடிந்தது. நீ எழுதவில்லை, உன் பக்கத்தைச் சேர்க்கவும் இல்லை. ஆம்புலன்ஸ்காரருக்கு நல்ல வரவேற்பு. "இத்தனை பேரா, எனக்கு வேர்க்குதுங்க" என்று எழுதியிருந்தார். என்னையும் கண்ணாடி அக்கா, கண்ணாடி அக்கா என்று கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். இப்போது நான் சொல்லப்போவதை மட்டும் நின்று நிதானமாகப் படி. உன்னால் தாங்க முடியாவிட்டால் மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் படி. கிழித்துப் போட்டுவிடாதே.

ஐந்தாம் நாள் எனக்குப் பக்கங்கள் பற்றாமல் போயிற்று. நல்ல பதிவுகளின் கீழே பின்னூட்டம் போட்டவர்களின் பேரை அழுத்திக்கொண்டே போனால் சில சமயம் புதையல் கிடைக்கும், நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். உன் பழைய பதிவுகளின் கீழே இருந்த பேர்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். அப்படியே கடைசிப் பதிவுக்கும் வந்தேன். அந்த அரட்டைப்பெட்டியின் பேரையும் அழுத்தினேன். புதையலுக்காக இல்லை. அவன் பக்கத்தில் போய் நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்றுதான்.

பழைய பதிவுகளெல்லாம் நான் நினைத்த மாதிரியே குப்பை. எடுத்து ஒட்டிய துணுக்குகள். கல்லூரி வாசலில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறான் போல. மிஷின் சூடாகும் நேரத்தில் ஊரெல்லாம் போய் "அருமை, தொடருங்கள்" என்று போட்டுவிட்டு வருவானாம், அவனே எழுதியிருக்கிறான். ஆனால் மேலே, கடைசியாக, ஒரு பதிவு இருந்தது. தலைப்பே 'லிஃப்ட் அண்ணனுக்கு'.

அவனுக்கு அம்மா மட்டும்தான். இந்த வருஷ ஆரம்பத்தில் அவர் போய்விட்டார். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு முதல் முறையாகச் சோறு வைத்திருக்கிறான். மலை மாதிரி மிஞ்சியிருக்கிறது. அப்போதுதான் உன் தலைப்பு ஞாபகம் வந்ததாம். சமையல் குறிப்பு என்று நினைத்துத்தான் தேடி வந்திருக்கிறான் தம்பி. அளவு பார்க்க வந்தவன், இந்தத் தடவை முழுசாகப் படித்திருக்கிறான். பிறகு கீழே தன் பேரையும் தான் எழுதியதையும் பார்த்திருக்கிறான். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் உன் பெட்டி பூட்டியிருக்கிறது. அதனால் யாருமே வராத தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். "அண்ணன் இந்தப் பக்கம் வரமாட்டாரு. வரச் சொல்லிக் கூப்பிட்ட லட்சணம் அப்படி. இருந்தாலும் சொல்றேன். நானும் டம்ளர்ல ஒரு கோடு போட்டேன். அளவு சரியா இருந்துச்சு அண்ணா" என்று முடித்திருந்தான்.

திட்டத்தான் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதன் கீழே ஒரு பின்னூட்டம்கூட இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல், முழுசாகப் படித்தேன் தம்பி என்று மட்டும் போட்டேன். அவனைத் தம்பி என்று கூப்பிட்டதும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

ஆறாம் நாள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அறிமுகம் செய்தேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. ஐயா கூப்பிட்டார். ஒரு நாளைக்கு ஐந்து பக்கமாவது வேண்டும் என்று விதி இருக்கிறதாம். இன்றைக்கு விதியை மடித்துப் பையில் வையுங்கள் ஐயா என்றேன். "நான் இப்பதான் நடுமாடிக்குப் போயி, முதல்ல இருந்து எல்லாத்தையும் படிச்சிட்டு வர்றேம்மா. அந்தப் பதிவ நானும் அப்பப் பாத்தேன். தலைப்ப மட்டும்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. அன்றைக்கு வந்தவர்களெல்லாம் அவன் பதிவிலிருந்து உன் பதிவுக்குப் போயிருக்கிறார்கள். சொல்ல வந்ததைச் சொல்ல அங்கே இடமில்லாமல் என் பக்கத்திலும் அவன் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருத்தர்கூட அருமை என்று போடவில்லை. எல்லாம் உனக்கு எழுதியவை. என்னிடம் கிடக்கின்றன. வந்து எடுத்துக்கொள்.

அந்தப் பையனை நீ மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது உன் பாடு. அவன் மட்டும் நாள் தவறாமல் என்னிடம் "அண்ணன் பாத்தாராக்கா?" என்று கேட்கிறான். இன்னும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க ஊரே என் வீட்டில் இருந்த மாதிரி இருந்தது. திங்கட்கிழமை பொறுப்பு அடுத்தவருக்குப் போனது, கூட்டமும் அவர் பின்னால் போய்விட்டது. அது நியாயம்தான், நானும் அப்படித்தான் போவேன். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, விளக்கைப் போட்டுவிட்டு நின்றபோது யாரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்குத் தனியாக இருக்கிறதடா. நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்று இத்தனை நாள் உனக்காகக் கவலைப்படுகிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். பாதிக் கவலை எனக்கானது.

என் பக்கத்தின் ஓரத்தில் நான் படிக்கும் வலைப்பூக்களின் வரிசை இருக்கிறது. யார் புதிதாக எழுதினாலும் அவர் பேர் மேலே ஏறும், எழுதாதவர் பேர் இறங்கிக்கொண்டே போகும். முகப்பில் தெரிவது பத்துப் பேர்தான். இந்த வாரம் நான் தேடித் தேடிப் புதிதாகச் சேர்த்ததில், என் கையாலேயே உன் பேரைக் கீழே தள்ளிவிட்டேன். இப்போது 'எல்லாவற்றையும் காட்டு' என்பதை அழுத்தினால்தான் நடுமாடி தெரிகிறது. காலையில் கடைக்குக் கிளம்பும் முன் அழுத்திப் பார்க்கிறேன். பேருக்குப் பக்கத்தில் 'ஒரு வருடத்துக்கு முன்பு' என்று இருக்கிறது.

உன்னால் எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார். ஒரு புள்ளி வை. வெளியிடு என்பதை அழுத்திவிட்டு எழுந்து போய்விடு. யாருக்கும் ஒன்றும் புரியாது, புரிய வேண்டாம். உன் பேர் மேலே ஏறி வந்து முதலில் நிற்கும், அதற்குப் பக்கத்தில் 'ஒரு நிமிடத்துக்கு முன்பு' என்று இருக்கும். நான் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மனசையும். நீ நன்றாக இருப்பாய்.

நாளைக் காலையிலும் அழுத்திப் பார்க்கப்போகும்,
உன் அக்கா