முக்தார் அண்ணன் உரக்கப் படிக்கும் புத்தகங்கள்

துனிஸ்,
வியாழக்கிழமை காலை.

அன்பு ஹயாத்துக்கும், இதை உனக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருக்கும் உன் வீட்டுக்காரர் முக்தார் அண்ணனுக்கும் நஸீஹா எழுதுவது. இங்கே நானும் தங்கை லம்யாவும் நலம். கட்டுக்குள் உன் கண் அமைதியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், அலமாரியிலிருந்து கை நிறையப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். ஒவ்வொன்றையும் பிரித்து முதல் பக்கத்தை உரக்கப் படித்துப் பார்த்தேன். சமையலறையிலிருந்து லம்யா, "யாருகூட பேசுற? காலங்காத்தால ஆள் வந்திருக்கா?" என்று கேட்டாள். ஹயாத்துக்குப் புத்தகம் பொறுக்குகிறேன் என்றேன். "புத்தகத்தைக் கண்ணால பொறுக்கு, வாயால எதுக்கு?" என்றாள். அதில்தானே விஷயமே இருக்கிறது!

இத்தனை காலமும் நான் உனக்குச் சொன்ன புத்தகங்கள் எல்லாம் உன் கண்ணுக்காகச் சொன்னவை. இப்போது மருத்துவர், கோடை வரும்வரை எழுத்து என்ற ஒன்றை நீ பார்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். உனக்கு வேண்டியது காதுக்கான புத்தகங்கள். அதுவும் ஒரு குறிப்பிட்ட மனிதரின் வாய்க்குப் பொருந்தும் புத்தகங்கள். அண்ணா, உங்களைத்தான் சொல்கிறேன். நிறுத்தாதீர்கள், மேலே படியுங்கள்.

நேற்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு நீ ஃபோன் செய்தபோது என்னால் மனம்விட்டுப் பேச முடியவில்லை. முதல்வர் அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு கோப்பில் மூழ்கியிருப்பதுபோலத்தான் தெரிந்தது, கோப்பு தலைகீழாக இருந்தது. உங்கள் ஊர் தோஸர் அஞ்சலகத்திலிருந்து நீ போட்ட கத்தலில் அவருக்கு முழுக் கதையும் தெரிந்துவிட்டது. ஃபோனை வைத்ததும், "அப்புறம் அந்த மனுஷன் என்ன செஞ்சாராம்?" என்று கேட்டார்.

அண்ணா, நீங்கள் அவளைக் கைபிடித்து அஞ்சலகத்துக்கு அழைத்துப்போய், நாகரிகமாக வாசலிலேயே நின்றுகொண்டீர்களாம். உள்ளே உங்களைப் பற்றி என்ன பேச்சு நடந்தது என்பதை இப்போது நீங்களே அவளுக்குப் படித்துக்காட்டப் போகிறீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வீட்டில் படிக்கக்கூடிய கண்கள் உங்களுடையவை மட்டும்தான்.

முதலில் உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து எனக்கும் ஹயாத்துக்கும் ஒரு வழக்கம். ஒரு புத்தகத்தை ஒருத்தி படித்து முடித்ததும் மற்றவளுக்குக் கொடுப்போம். படிக்கும்போது தோன்றுவதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைப்போம். இடது ஓரம் எனக்கு, வலது ஓரம் அவளுக்கு. அவள் உங்களைக் கட்டிக்கொண்டு தோஸருக்கு வந்த பிறகும் புத்தகங்கள் வண்டியில் போய்த் திரும்பிக்கொண்டுதான் இருந்தன. கதையோடு சேர்த்து எங்கள் பேச்சும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. மூன்றாவது ஆள் ஒருவர் அதைப் படிப்பார், அதுவும் உரக்கப் படிப்பார் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

அதனால்தான் அந்த உப்பு வியாபாரி நாவலில் அப்படி ஆகிவிட்டது. விருந்தாளிக்கு ஆரஞ்சை அந்தக் கஞ்ச வியாபாரி தானே உரித்து, சுளை எண்ணி வைக்கிற இடம். ஓரத்தில் நான், "இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறேனே" என்று எழுதியிருந்தேன். ஹயாத் அதற்கு வலது ஓரத்தில் பதில் எழுதியிருக்கிறாள். நேற்று அவள் ஃபோனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவரு செய்தி வாசிக்கிற மாதிரியே வாசிச்சிட்டு வந்தாரு நஸீஹா. 'ஆரஞ்சுக்குப் பதிலா பேரீச்சம்பழம்னு வெச்சுக்கோ, என் வீட்டுக்காரரேதான்.' இதையும் அதே குரல்ல வாசிச்சாரு. ரெண்டு வரி தாண்டிப் போனப்புறம்தான் அவருக்கு உறைச்சிருக்கு. புத்தகத்தை மூடுற சத்தம் கேட்டுச்சு. எனக்கு ஒரே நேரத்துல சிரிப்பும் வருது, பயமும் வருது. கண்ணுல கட்டு இருக்கு, மூஞ்சியப் பார்க்க முடியல."

அன்றிலிருந்து நீங்கள் அவளுக்கு எதுவும் படிக்கவில்லையாம். ரேடியோவைப் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் பேரீச்சந்தோட்டத்துக்குப் போய்விடுகிறீர்களாம். "அதுல விவசாயச் செய்தி வருதுடி. வண்டு மருந்து எப்படி அடிக்கணும்னு எனக்கு இப்ப மனப்பாடம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளை எனக்குத் தெரியும். பரீட்சைக்கு முந்தைய நாள்கூடக் கதைப்புத்தகம் இல்லாமல் தூங்காதவள் அவள். சோற்றுக்கு உப்பு இல்லையென்றால் சமாளித்துக்கொள்வாள். இது அப்படி அல்ல.

இனி புத்தகங்களுக்கு வருகிறேன்.

நேற்று ஃபோனில் நான் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி, இதைக் கட்டாயம் கேள், உன் வாழ்நாளில் இப்படி ஒன்று படித்திருக்க மாட்டாய் என்று சொன்னேன் அல்லவா? "அடியே, அதை உனக்குக் கொடுத்ததே நான்தான்" என்றாய். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் உன் கையெழுத்து. நல்ல புத்தகம் இப்படித்தான் செய்கிறது, கொஞ்ச நாளில் கொடுத்தவரை மறக்கடித்துவிட்டுத் தானே நம்மைத் தேடி வந்த மாதிரி நடிக்கிறது.

நமக்கு இரண்டு பேருக்கும் உயிரான அந்த நீண்ட வாக்கியக்காரரை இப்போது தொடவே வேண்டாம். ஒரு வாக்கியம் முடிய ஒன்றரைப் பக்கம் ஆகிறது. இன்று அதில் ஒரு பத்தி படித்தேன், எனக்கே மூச்சு வாங்கியது. லம்யா கரண்டியோடு வந்து நின்று, "இந்த மனுஷன் ஜன்னல் திரையையே எவ்வளவு நேரம் பார்ப்பான்? வேற வேலை இல்லையா அவனுக்கு?" என்றாள். கண்ணால் படிக்கும்போது அந்தத் திரை அசைவதுகூடத் தெரியும். காதால் கேட்டால் அது வெறும் துணிதான். உன் கட்டுப் பிரித்த பிறகு படிக்கலாம் என்று அவரைத் தனியாக எடுத்துவைத்துவிட்டேன்.

நான் அனுப்புவதில் முதலாவது, தெற்குக் கிராமங்களில் வேலை செய்த அந்த மருத்துவச்சியின் நினைவுகள். ஒரு காபி ஆறுவதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். சின்னச் சின்ன வாக்கியங்கள். அலங்காரமே கிடையாது. அண்ணா, உங்கள் செய்தி வாசிக்கும் குரல் என்று ஹயாத் கிண்டல் செய்கிறாளே, அந்தக் குரலுக்கென்றே எழுதிய புத்தகம் இது. அந்தப் பெண்மணி தன் துக்கத்தைக்கூட வானிலை சொல்வதுபோலத்தான் சொல்கிறார். அங்கே போய் யாராவது குரல் நடுங்கப் படித்தால் எல்லாம் கெட்டுவிடும். நீங்கள் இருப்பது போலவே இருங்கள்.

இரண்டாவது, மூன்று சகோதரர்கள் ஒரு பழைய மீன்பிடிப் படகைச் செப்பனிடும் கதை. பக்கத்துக்குப் பக்கம் சண்டை. மூத்தவனின் பேச்சைக் கத்தித்தான் படிக்க வேண்டும். நான் பால்கனியில் கத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து மாடியில் ஸக்கியா ஈரப் போர்வையைக் கையில் பிடித்தபடி உதறாமலே நின்றுகொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும், "ஏன் நிறுத்திட்டே? அந்தச் சின்னவன் படகை வித்தானா இல்லையா? சொல்லிட்டுப் போ" என்றாள். முந்நூறு பக்கம் தாண்டித்தான் தெரியும் என்றேன். "அப்ப தினமும் துணி துவைக்கிறேன், நீ தினமும் படி" என்றாள். இதைவிட நல்ல மதிப்புரை எந்தப் பத்திரிகையில் வரும்?

மூன்றாவது, துறைமுகத்தில் நடக்கும் ஒரு துப்பறியும் நாவல். தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு கட்டளைதான், அண்ணா. கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே புரட்டக் கூடாது. உங்கள் முகத்தை அவளால் பார்க்க முடியாதுதான். ஆனால் குற்றவாளி வந்து நிற்கும் பக்கங்களில் எல்லாம் உங்கள் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். அவள் பிடித்துவிடுவாள்.

இந்த மூன்றிலும் ஓரக் குறிப்புகள் இருக்கின்றன. காலையில் ரப்பரை எடுத்து அழிக்கத்தான் உட்கார்ந்தேன். மருத்துவச்சி புத்தகத்தின் முதல் குறிப்பில் ரப்பரை வைத்ததும் கை நின்றுவிட்டது. அதில் ஹயாத் எழுதியிருந்தாள்: "இன்று முதல் மழை. அவர் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, புத்தகத்தை மூடிட்டு வெளியே வா, மண் வாசனை போறதுக்குள்ள வான்னு கூப்பிட்டார். போனேன்." கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் எதையும் அழிக்கவில்லை. அண்ணா, ஓரங்களில் நீங்கள் வருகிறீர்கள். சுளை எண்ணுகிறவராக ஒரே ஒரு இடத்தில்தான். மற்ற இடங்களில் வேறு விதமாக வருகிறீர்கள். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

ஹயாத், நேற்று நீ கடைசியாகச் சொன்னதைப் பற்றி. "லீவு வருதில்ல, நீ கிளம்பி வந்துடு. உன் வாயால படிச்சாத்தான் எனக்குப் படிச்ச மாதிரி இருக்கும். அவரை விட்டுடுவோம்" என்றாய். வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். முதல்வர் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பையை எடுத்துத் தூசி தட்டினேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பகல் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். விடுதி நாட்கள் திரும்பி வந்துவிட்ட மாதிரி எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இன்று பால்கனியில் என் குரலை நானே கேட்டபோதுதான் ஒன்று தோன்றியது. எனக்கு யாரும் புத்தகம் படித்துக்காட்டியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கென்று ஓர் அறை இருக்கிறது, அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, கேட்டதும் பதில் எழுத நீ இருக்கிறாய். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் எழுத்தில் பழக்கமே இல்லாத ஒரு மனிதர், மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டை கட்டும்வரை எனக்காக வாசிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அவர் வாசிப்பது மோசம் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். தேன் கலந்த வெந்நீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்தார் என்பதையும் அதே மூச்சில் சொன்னாய்.

இன்னொன்றும் சொன்னாய், அதைக் குறையாகத்தான் சொன்னாய். "கோவத்துல புத்தகத்தைக்கூட எனக்குத் தரல. எடுத்து அவரு தலையணைக்கடியில வெச்சிருக்காரு. கை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஈர்க்கு ஒண்ணு செருகியிருக்கு. நேத்து ஒரு இடத்துல இருந்துச்சு, இன்னிக்கு வேற இடத்துல இருக்கு."

உனக்குப் புரியவில்லையா, இல்லை, நான் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொன்னாயா? வேண்டாத புத்தகத்தை யாரும் தலையணைக்கடியில் வைப்பதில்லை. அந்த உப்பு வியாபாரி கடைசியில் என்ன ஆகிறான் என்று தெரியாமல் அண்ணனால் இருக்க முடியவில்லை. நாம் இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்கப் பட்டுக்கொண்டிருக்கும் பாடு அவருக்கும் வந்துவிட்டது. நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் தெரியுமா? அவர் நிம்மதியாக, நல்ல வேளை என்று சொல்லிக்கொண்டு, காபிக்கடைக்குச் சீட்டாடப் போய்விடுவார். நாற்காலி பழைய இடத்துக்குப் போய்விடும். இத்தனை வருடம் நீ குடியிருந்த புத்தக வீட்டின் உள்ளறைக்கு இப்போதுதான் அவர் தட்டுத்தடுமாறி வந்திருக்கிறார். வாசலில் போய் நான் நிற்கக் கூடாது.

அதனால் இந்த விடுமுறையில் நான் தோஸருக்கு வரவில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. லம்யா உள்ளே எனக்கு வழிக்கென்று மக்ரூத் பலகாரம் பொரித்துக்கொண்டிருக்கிறாள், உனக்கும் சேர்த்து. அந்த டப்பாவும் இந்தப் புத்தகங்களும் சனிக்கிழமை வண்டியில் நான் இல்லாமல் வந்து சேரும். என்னைத் திட்ட வேண்டுமென்றால் அண்ணனிடம் சொல்லி எழுதச் சொல். உன் வாயிலிருந்து வருவதை அவர் வரிக்கு வரி எழுதட்டும், எதையும் விட்டுவிட வேண்டாம்.

அண்ணா, அந்த உப்பு வியாபாரி நாவலில் நீங்கள் அவளைவிட எத்தனை பக்கம் முன்னால் போயிருக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. அவள் நின்ற இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

உன் கண்ணுக்கு வெளிச்சத்தையும், அவர் தொண்டைக்கு ஈரத்தையும் இறைவன் குறைவில்லாமல் தரட்டும்.

என்றும் உன்
நஸீஹா