சிட்டை முதலில் இறக்காதீர்கள், மாமா

மாமா,

பீரோவின் மேல்தட்டில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது உங்கள் வீடியோ கேம் பெட்டி கையில் தட்டுப்பட்டது. சுற்றியிருந்த துண்டைப் பிரித்ததுமே தைலத்தின் நெடி மூக்கில் ஏறியது. கட்டைவிரல் கடுக்கிறது என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, அது காய்வதற்கு முன்பே ஆட உட்கார்ந்துவிடுவீர்களே, அந்த நெடி பொத்தான்களின் இடுக்கில் இன்னும் இருக்கிறது. சார்ஜ் போட்டு எழுப்பினேன். திரையில் உங்கள் ஆறு ஜந்துகளும் வரிசையாக நின்றன. முதல் இடத்தில் அம்மி. கடைசி இடத்தில் சிட்டு.

உங்களுக்கு வருஷத் திதி கொடுத்து முடித்துவிட்டோம். வருகிறவர்கள் உங்கள் கோபத்தைப் பேசுகிறார்கள், பரவை மார்க்கெட்டில் உங்களுக்கு இருந்த மரியாதையைப் பேசுகிறார்கள். சிட்டைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் ஒரு பேச்சு நடக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் உங்களிடம் கொஞ்சம் பேசிவிட்டுப் போகலாம் என்று எங்கள் அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டின் முன்பாதியில் விசைத்தறி ஓடும், பின்பாதியில் நாங்கள் இருப்போம். உப்பு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும், அதுவும் சட்டென்று கேட்டுவிட வேண்டும். அதே வாயோடு இந்த வீட்டுக்கு வந்தேன். வந்த முதல் வாரமே அத்தை சொன்னார்கள், "என்னடி இவ, ஏலம் விடுற மாதிரியில்ல பேசுறா." நிஜமாகவே மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுகிற மனிதர் நீங்கள், கூடத்தில் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்து அத்தை ஒரு வார்த்தை சொன்னதும் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. என் கதை அதுதான். பேச்சில் முந்திக்கொள்வேன், பதில் வந்தால் அங்கேயே நொறுங்கிவிடுவேன்.

உங்களுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. மாமனார் கூடத்துக்கு வந்தால் மருமகள் அடுப்படிக்குப் போய்விட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, எல்லோரும் அப்படி இருந்தார்கள், நானும் இருந்தேன். உங்களுக்குக் காப்பி வேண்டுமென்றால் அத்தையிடம், "அந்தப் புள்ளைகிட்டக் கேளு" என்பீர்கள். நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

அப்புறம் மார்க்கெட் வாசலில் தக்காளிச் சக்கையில் வண்டி வழுக்கி உங்கள் முழங்கால் போனது. கூடத்துக் கட்டிலில் படுத்தபடியே எல்லோரையும் விரட்டினீர்கள். டிவியைப் போடச் சொல்வீர்கள், போட்டால் அணைக்கச் சொல்வீர்கள். தாங்க முடியாமல் என் கணவர் ஒரு நாள், கல்யாணத்தின்போது நான் துணிகளுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்த இரண்டு கேம் பெட்டிகளில் பழையதை உங்கள் கையில் கொடுத்து, பொத்தான்களைக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஆளுக்கு ஆறு ஜந்து, ஒரு நேரத்தில் ஒன்றுதான் களத்தில் நிற்கும், எதிராளியின் ஆறும் விழுந்தால் நாம் ஜெயித்தோம். அவர் சொன்னது அவ்வளவுதான். அத்தை, "காலு போச்சுன்னு பாத்தா மூளையும் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மெலிந்த கழுத்தும் நீளமான காலுமாக இருந்த ஒரு ஜந்துவை ஆட்டத்துக்குள் பிடித்து அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தீர்கள். உங்களிடம் இருந்ததிலேயே அதற்குத்தான் வேகம் அதிகம். எதிரே யார் நின்றாலும் முதல் அடி அதனுடையதுதான். அந்த அடியில் எதிராளி விழுந்தால் சரி. விழாவிட்டால், திரும்பி வருகிற ஒரே அடியில் சிட்டு விழுந்துவிடும். அதன் உடம்பு அப்படி. அம்மி அதற்கு நேர் எதிர். அது நகர்வதற்குள் பொழுது விடிந்துவிடும், ஆனால் எவ்வளவு அடித்தாலும் நிற்கும்.

பெட்டிகள் இரண்டும் ஒன்றோடொன்று ஆடக்கூடியவை. நீங்கள் கூடத்தில், நான் இந்த அறையில், நடுவில் சுவர். ஒரு நாள் மதியம் என் திரையில் உங்கள் அழைப்பு வந்தது. மாமனாரோடு எப்படி ஆடுவது என்று பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு ஆடினேன். எடுத்த எடுப்பில் சிட்டை இறக்கினீர்கள், அது ஒரு அடி அடித்தது, என்னுடையது தாங்கிக்கொண்டு திருப்பி அடித்தது, சிட்டு போனது. அடுத்த ஆட்டத்திலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் தொண்டையைச் செருமுவது கேட்டால் போதும், சிட்டு வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பொறுக்காமல் சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் அறை வாசற்படியில் நின்றுகொண்டு எங்களுக்குத் தபால்காரர் ஆனார். "அப்பா, சிட்டை மொதல்ல எறக்காதீங்கன்னு சொல்றா. அது ஒடம்புக்கு அடி தாங்காதாம். தடியா இருக்கிறதை முன்னாடி விட்டு, எதிராளி களைச்ச பெறகு அதைக் கொண்டாரணுமாம். தப்பா எறக்கிட்டாலும் திரும்பக் கூப்புட்டுக்கலாமாம்."

நீங்கள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னீர்கள். "எறக்குனது எறக்குனதுதான்னு சொல்லு. சொன்ன வெலைய மாத்துற ஆளு நான் இல்ல. வாய விட்டு வந்துருச்சுன்னா நட்டமானாலும் நிப்பேன்."

மார்க்கெட்டில் அதனால் உங்களுக்குப் பெரிய பேர். ஆட்டத்தில் அதனால்தான் தோற்றுக்கொண்டே இருந்தீர்கள். திரும்பக் கூப்பிடும் பொத்தானை நீங்கள் தொட்டதே இல்லை. அது உங்களுக்குப் பேச்சு மாறுகிற பொத்தான்.

பிறகு ஒரு நாள், உங்கள் சிட்டு நிற்கிறது, நான் பெரிய அடியாகப் பார்த்துக் கொடுக்கிறேன், திரையில் சிட்டைக் காணோம். அந்த இடத்தில் அம்மி வந்து உட்கார்ந்திருக்கிறது. என் அடி அதன் மேல் விழுந்து ஒன்றுமில்லாமல் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் நான் கேட்ட உங்கள் முதல் சிரிப்பு. அதைத் தொடர்ந்து குரல். "கூப்புட்டுக்கிட்டேன் தாயி. பாத்தியா."

நடுவில் யாரும் இல்லாமல் நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "பாத்தேன் மாமா" என்று இங்கிருந்தே கத்தினேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் சுவர் வழியாகப் பேசினோம். நேருக்கு நேர் வந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. சுவர் இருந்தால் வரும்.

அந்த நாட்களில்தான் கே.கே. நகரில் ஒரு லேபில் எனக்கு வேலை சொன்னார்கள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். என் கணவர், "எனக்குச் சரிதான், அம்மாகிட்டப் பேசிக்க" என்று நழுவிவிட்டார். நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு நடுவில், எல்லோர் முன்னாலும், மூச்சு விடாமல், படித்த படிப்பு வீணாகிறது, நான் என்ன வேலைக்காரியா என்று வரை போய்விட்டேன். அத்தை அமைதியாகக் கேட்டார்கள். "இந்த வீட்டுல ஒனக்கு யாரு என்ன கொற வெச்சா? சொல்லு." அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டேன். மறுநாளும் அதே மாதிரி ஆரம்பித்து அதே மாதிரி முடிந்தது.

அதற்கடுத்த நாள் மதியம் ஆட்டத்துக்கு நடுவில் உங்கள் குரல் வந்தது. "தாயி, சிட்டை மொதல்ல எறக்காதன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தியே. நேத்தும் முந்தாநேத்தும் கூடத்துல நீ என்ன செஞ்ச?"

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

"ஞாயித்துக்கெழம நான் மொதல்ல எறங்குறேன். நீ அடுப்படிய விட்டு வரக் கூடாது. என்ன காதுல விழுந்தாலும் வரக் கூடாது. நான் கூப்புடுவேன், அப்ப வா. வந்து ஒரே வார்த்தை. அம்புட்டுத்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படிக் கதவை ஒட்டி நின்றேன். மாடியில் குடியிருக்கும் உங்கள் மூத்த மகனும் வந்திருந்தார். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சின்ன மருமகளை வேலைக்கு அனுப்பலாம்னு நெனைக்கிறேன்" என்றீர்கள். என் ஆசை என்று சொல்லவே இல்லை, உங்கள் யோசனை என்றீர்கள். வந்ததெல்லாம் உங்கள் மேல் விழுந்தது. "ஊரு சிரிக்கும்" என்றார் மூத்தவர். "சம்பாரிக்க நாங்க இல்லையா? கட்டில்ல படுத்துக் கெடந்து ஒங்களுக்குப் புத்தி கலங்கிருச்சுப்பா." நீங்கள் "ம், சொல்லு" என்றீர்கள். அத்தை ஆரம்பித்தார்கள். பழசெல்லாம் வந்தது. யாரை நம்பி எங்கே ஏமாந்தீர்கள், யார் கல்யாணத்தில் யாரோடு சண்டை போட்டீர்கள், எல்லாம். "சரி, பெறகு?" என்று தண்ணீர் குடித்தீர்கள். என் கால் தானாகக் கூடத்தைப் பார்த்து நகர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அத்தை சொன்னார்கள். "இன்னிக்கு மருமகளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வாறீக. நர்சுக்குப் படிக்கப் போறேன்னு காலப் புடிச்சு அழுத ஒங்க தங்கச்சிய, பாதியிலயே கட்டிக் குடுத்தது யாரு? நீங்கதான?"

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். முழங்கால் மேல் இருந்த உங்கள் கை நடுங்கியது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டீர்கள். "ஆமா. நாந்தான்" என்றீர்கள். "எறக்குனது எறக்குனதுதான்னு நின்னேன். அன்னிக்கு மாத்தியிருக்கணும்."

மூத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் செருமினீர்கள். "தாயி, இங்க வா."

நான் எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். கூடத்துக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. அத்தை பக்கம் திரும்பி, "திங்கக்கெழம காலைல லேபுக்குப் போயிட்டு வாரேன் அத்தை" என்றேன். அத்தை ஓய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களுக்குக் காலமெல்லாம் சொல்லிப் பழகிய வாய், தானாகவே சொன்னது. "சரி, போயிட்டு வா." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே தெரிந்தது. அத்தையும் சொன்ன சொல்லை மாற்றுகிறவர்கள் இல்லை. திங்கட்கிழமை காலை எனக்கு முன்னால் எழுந்து தயிர்சோறு கட்டிக் கொடுத்தார்கள். இன்றுவரை கட்டிக் கொடுக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் உங்களோடு ஆடியபோது நீங்கள் எல்லா ஆட்டமும் தோற்றீர்கள். எதற்கும் செருமவில்லை. மனசு உங்கள் தங்கச்சியிடம் போயிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் அழுதுகொண்டே ஜெயித்தேன். உங்களை எல்லோரும் அம்மி என்று நினைத்தார்கள், மாமா. நீங்களும் சிட்டுதான் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு அடியில் விழுகிற உடம்பை வைத்துக்கொண்டுதான் எனக்காக முன்னால் போய் நின்றீர்கள்.

இப்போது இன்றைய விஷயம். மாடி அக்கா, உங்கள் மூத்த மருமகள், பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு தையல் கடை போட ஆசைப்படுகிறாள். இத்தனை வருஷமாக மாடியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்த கை. கடைக்கு ஓர் இடம் அமைந்திருக்கிறது, நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். தன் கணவரிடம், அதாவது மச்சானிடம், ஒரு தடவை வாயைத் திறந்தாளாம். "கடைத்தெருவுல மிசினு போட்டு ஒக்காரப் போறியா?" என்று அவர் கேட்டதும் குரல் உடைந்து எழுந்து போய்விட்டாள். நேற்று அடுப்படியில் என்னிடம் சொல்லிவிட்டு, "விடு, நமக்கு அதெல்லாம் ஒத்து வராது" என்றாள். எனக்கு என்ன தோன்றியதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, நாளைக்கு நான் மொதல்ல போறேன். நீங்க அடுப்படியிலயே இருங்க. நான் கூப்புடும்போது வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பயமாக இருக்கிறது. இன்றும் லேபில் டாக்டர் கொஞ்சம் குரலை உயர்த்தினால் நான் முகம் கழுவப் போய்விடுகிறேன். மச்சான் என்ன சொல்வார் என்றும் தெரியும். வேலைக்குப் போகிற திமிர் என்பார், நீதான் அவளைக் கெடுத்தாய் என்பார். "ம், சொல்லுங்க மச்சான்" என்று தண்ணீர் குடிக்க எனக்கு வருமா? உங்கள் கை நடுங்கியதை நினைத்துக்கொள்கிறேன். நடுங்கினாலும் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இருக்கிறது.

கூடத்தில் தட்டு எடுக்கும் சத்தம் கேட்கிறது. மச்சான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அடுப்படிக் கதவை ஒட்டி, நான் நின்ற அதே இடத்தில், அக்கா நிற்கிறாள். பெட்டியை அணைத்துத் துண்டில் சுற்றி வைத்துவிட்டேன். என் கட்டைவிரலில் தைலம் மணக்கிறது.

போயிட்டு வாரேன், மாமா.