கூவளமலைக்குப் போகும் வழி

பூவார்
ஆகஸ்ட் 4, 2025

அன்புள்ள அக்காவுக்கு ஆன்சன் எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு. உன் மடத்தில் ஃபோன் கிடையாது என்பதால் உனக்காகத்தான் இந்தக் காலத்திலும் பேனா வாங்குகிறேன்.

என் புது வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பூவாரில் படகு சவாரிக்கு வருகிறவர்களில் தெம்புள்ளவர்களைச் சனி, ஞாயிறில் சைக்கிளில் மலைக்குக் கூட்டிப் போகிறேன். நெய்யாற்றங்கரையோடு ஏறி, அமரவிளைப் பாலம் கடந்து, பாறசாலை சுற்றி, ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைந்துவிட்டால் வெயிலே தெரியாது. கீழே ஆறு பச்சையாகக் கிடக்கும், மேலே மேகம் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெங்களூர்க்காரர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கே அப்படித்தான் இருக்கிறது.

ராத்தங்கல் கூவளமலையில், சிவதாணு அண்ணன் வீட்டில். அவர் மனைவி ஓமனா சேச்சி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துத் தருவார். அவர்கள் மகள் ஜிஷா பாறசாலையில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். போன வாரம் என் கியர் சைக்கிளை வாங்கி ஓட்டினாள். ஜிஷாவுக்கு இறக்கத்தில் பயமே இல்லை. வீட்டுக்குக் கீழே பொன்னையன் அண்ணனின் சாயாக்கடை. ஜிஷா அவருக்கும் மகள் மாதிரிதான்.

வீட்டின் பின்னால் ஓர் ஊற்று உண்டு. அவ்வளவு தெளிந்த தண்ணீர். இந்த முறை மட்டும் ஏனோ கலங்கி, சாயா நிறத்தில் வந்தது. மழையாயிருக்கும்.

உன் தம்பி,
ஆன்சன்

---

மடம்
ஆகஸ்ட் 14, 2025

என் செல்லத் தம்பி ஆன்சனுக்கு,

மாதா உன்னைக் காக்கட்டும். உன் கடிதத்தை மதர் வாசித்துவிட்டுத் தந்தார்கள், சிரித்துக்கொண்டே தந்தார்கள். ஒரு பக்கக் கடிதத்தில் அம்மாவின் முழங்காலுக்கு ஒரு வரி, அந்தப் பெண்ணுக்கு எத்தனை வரி என்று எண்ணிப் பார்.

எலே, நான் சுற்றி வளைக்கவில்லை. அவர்கள் நல்ல மனிதர்களாகவே இருக்கட்டும். ஆனால் அவர்கள் கோயில் வேறு, நம் கோயில் வேறு. அப்பா கடலில் போன பிறகு அம்மா உன்னை ஒற்றைக்கு வளர்த்தாள். அவளை நம் ஊர்க்காரர்கள் முன்னால் தலை குனிய வைக்காதே. வேறு வீட்டில் ராத்தங்கல் வைத்துக்கொள். அந்த வீட்டுக்கு இனிப் போக வேண்டாம்.

கோபப்படாமல் பதில் போடு.

உன் அக்கா
(இங்கே சிஸ்டர், உனக்கு என்றும் பிரான்சிஸ்கா)

---

பூவார்
செப்டம்பர் 8, 2025

அக்காவுக்கு,

கோபப்படாமல் இருக்க மூன்று வாரம் ஆயிற்று. அதனால்தான் தாமதம்.

ஜிஷாவைக் கட்ட வேண்டும் என்று நான் நினைப்பது உண்மை. அவளும் சம்மதம் சொல்லிவிட்டாள். அவள் அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழவில்லை. "அக்கா என்ன சொல்லுதா?" என்று மட்டும் கேட்டாள். நீ சம்மதித்தால் அவள் சம்மதிப்பாள். அதைத் தெரிந்துகொண்டு நீ பதில் எழுது.

வேறு சேதி. கூவளமலைக்கு மேலே கல் உடைக்கும் பாறமடையில் வெடி கூடியிருக்கிறது. நாங்கள் ஏற்றத்தில் மிதித்துக்கொண்டிருக்கும்போது காலுக்கடியில் ரோடு ஒரு தடவை துள்ளும். விருந்தாளிகள் இடி என்று நினைக்கிறார்கள். சிவதாணு அண்ணன் வீட்டு அடுக்களைக் கதவு இப்போது சாத்த வரவில்லை. இழைத்துவிட்டார், அடுத்த வாரம் மறுபடியும் சாத்த வரவில்லை. பின்முற்றத்தில் ஒரு விரிசல். என் கை உள்ளே போகிறது. பக்கத்தில் நின்ற பெரிய பலாமரம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது, அதன் சக்கைப்பழம் ஏதோ பள்ளத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி தொங்குகிறது.

நான் கேட்டதற்கு அண்ணன் சொன்னார்: "மழையில மண்ணு இளகத்தான் செய்யும் மக்கா. எனக்க அப்பன் வச்ச வீடாக்கும் இது."

ஆன்சன்

---

மடம்
செப்டம்பர் 18, 2025

அன்புத் தம்பிக்கு,

கதவு என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்த நேரத்திலிருந்து எனக்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

எங்கள் மடத்தில் ஒரு வயதான சிஸ்டர் இடுக்கிக்காரர், மலை இடிந்ததைக் கண்டவர். அவரிடம் உன் கடிதங்களை வாசித்துக் காட்டினேன். ஊற்று கலங்கியது, கதவு சாத்த வராதது, மரம் சாய்ந்தது என்று மூன்றையும் கேட்டுவிட்டு, "அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா?" என்றார். இருக்கிறார்கள் என்றேன். அவர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

புயல் வருஷம் அப்பாவும் கடலைப் பார்த்தார். "நிறம் சரியில்ல" என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டும் போனார். நீ அங்கே இனிப் படுக்காதே. விருந்தாளிகளைக் கூட்டிப் போகாதே. அந்தக் குடும்பத்தையும் இறங்கச் சொல்.

உன் அக்கா

---

பூவார்
அக்டோபர் 6, 2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். ஆகஸ்டில், கோயில் வேறு என்பதால் அந்த வீட்டுக்குப் போகாதே என்றாய். இப்போது, மலை இடியும் என்பதால் போகாதே என்கிறாய். எப்படிப் பார்த்தாலும் நான் போகக்கூடாது, அவ்வளவுதானே? அப்பாவை ஏன் இதற்குள் இழுத்தாய்? அது எனக்கு வலித்தது.

நான் போகத்தான் போகிறேன். ஐப்பசி மழைக்கு முன் இருக்கிற நல்ல வாரங்கள் இவை.

ஆனால் உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, பெருமழையில் யாரும் இங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் தங்க இடமும் காட்டினார்கள். சிவதாணு அண்ணன் போக மாட்டேன் என்கிறார். ஓமனா சேச்சி அழுது பார்த்தார். "செத்தாலும் எனக்க மண்ணுல" என்கிறார். அப்பாவை விட்டு ஜிஷா இறங்க மாட்டாள். பொன்னையன் அண்ணன் சாயா ஆற்றிக்கொண்டே, "வெடி வச்சு வச்சு நமக்குக் காது போனதுதான் மிச்சம், மலைக்கு ஒண்ணும் ஆகல்ல" என்று சிரித்தார்.

நேற்று விரிசலில் சைக்கிள் பம்ப்பை இறக்கிப் பார்த்தேன். தரை தட்டவில்லை.

ஆன்சன்

---

மடம்
அக்டோபர் 14, 2025

என் தம்பி ஆன்சனுக்கு,

உன் கோபம் நியாயம். இந்தக் கடிதத்தை அம்மாவிடமும், சிவதாணு அண்ணனிடமும் வாசித்துக் காட்டு.

ஜிஷாவை நீ கட்டுவதில் எனக்குப் பூரண சம்மதம். குடும்பத்துக்கு மூத்தவள் என்ற முறையில் நான் அவர்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்க வேண்டும். மடத்தை விட்டு வர எனக்கு அனுமதி இல்லை. அதனால் அண்ணனும் சேச்சியும் மகளும் பெரிய மனது வைத்து இந்த 25-ஆம் தேதி சனிக்கிழமை நம் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் பேசி, செவ்வாய் வரை தங்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்காமல் பெண் கொடுப்பது சரியல்ல அல்லவா? அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

அண்ணன் ஒரு நாளில் திரும்புவேன் என்பார். விட வேண்டாம்.

அன்புடன்,
பிரான்சிஸ்கா

---

பூவார்
நவம்பர் 1, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்ததும் சிவதாணு அண்ணன் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "ஒரு கன்னியாஸ்திரி இம்புட்டு மரியாதையா விளிச்சா போவாம இருக்க முடியுமா?" என்றார். சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். பொன்னையன் அண்ணன் பஸ் வரை வந்து பழக்குலை ஏற்றிவிட்டார். "நல்ல காரியம் பேசீட்டு வாங்க, கடையை நான் பாத்துக்கிடுதேன்" என்றாராம்.

ஞாயிறு முழுக்க மழை. திங்கள் காலையில் அண்ணன் புறப்பட நின்றார், பசுவுக்குத் தண்ணி காட்டணும் என்று. அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "நெய்மீன் வாங்கியாச்சு, சாப்பிடாம போனா எனக்குக் குறைச்சலாக்கும்" என்றாள். மத்தியானம் இலையில் சோறு விழும்போது ஜிஷாவின் ஃபோன் அடித்தது. மருந்துக்கடையிலிருந்து. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் ஓடவில்லை. நான் சைக்கிளை எடுத்தேன். அமரவிளைப் பாலத்தில் ஆறு செம்மண் நிறத்தில் மரங்களை உருட்டிக்கொண்டு போனது. ரப்பர் தோட்டத்துக்குள் விழுந்த மரங்களுக்கு மேலே சைக்கிளைத் தூக்கித் தூக்கிக் கடந்தேன். ஒரு பறவைச் சத்தம் இல்லை. பச்சை மண் வாசனை மட்டும், இப்போதுதான் உழுத மாதிரி. எத்தனையோ தடவை வளைந்த கடைசி வளைவில் வளைந்தேன். ரோடு இல்லை, அக்கா. எதிரே வானம் இருந்தது. வீடும் ஊற்றும் பலாமரமும் சாயாக்கடையும் இருந்த சரிவு முழுவதும் கீழே ஆற்றுக்குள் கிடந்தது.

மறுநாள் அண்ணனைக் கூட்டிப் போனேன். "எனக்க வீடு எங்க இருந்துதுன்னு கை சூண்டிக் காட்ட ஒரு அடையாளமும் இல்லியே மக்கா" என்றார். பொன்னையன் அண்ணனையும் அவர் மனைவி ஆனந்தபாயையும் புதன்கிழமைதான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்குப் புதுவழி போடச் சொல்கிறார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில். போய்ப் பார்த்தேன். நல்ல காட்சி. மேலே ஒரு பாறமடை.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். ஜிஷாவும் அதையேதான் கேட்கிறாள். பூரண சம்மதம் என்று எழுதினாயே. மனதார எழுதினாயா, அவர்களை மலையிலிருந்து இறக்குவதற்காக எழுதினாயா? எதுவானாலும் சொல். அவள் இப்போது அம்மாவின் அறையில்தான் படுக்கிறாள். மழைச் சத்தம் கேட்டால் எழுந்து கதவைத் திறந்து வைத்துவிடுகிறாள்.

ஆன்சன்

---

மடம்
நவம்பர் 10, 2025

என் தம்பிக்கு,

இறக்குவதற்காகத்தான் எழுதினேன்.

அந்த வரியை எழுதும்போது என் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. மலையைச் சொன்னால் அவர் இறங்க மாட்டார், மகளைச் சொன்னால் இறங்குவார் என்று எனக்குத் தோன்றியது. பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னதாகச் சொன்னேன். சாமியார், "அதற்காக வருத்தப்படுகிறாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

எனக்கு வருத்தம் பொன்னையனுக்காக. அவர் பெயரை உன் முதல் கடிதத்திலேயே வாசித்தவள் நான். அவரையும் அழைத்திருக்கலாம். கல்யாணப் பேச்சுக்கு ஊர்ப் பெரியவராக வரட்டும் என்று ஒரு வரி போதும். எனக்கு அது தோன்றவே இல்லை. நம் ஆட்கள் வந்தால் போதும் என்றிருந்துவிட்டேன். நம் ஆட்கள் என்று அவர்களை அப்போது நினைத்தேன் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அந்தப் பக்கத்து மலைக்கு யாரையும் கூட்டிப் போகாதே. நீ தனியாகப் போ. அங்கே எந்த வீட்டில் கதவு சாத்த வரவில்லை என்று கேள். அவர்கள் சிரிப்பார்கள். மறுபடியும் போ. இதைச் சொல்வதற்கு எனக்கு வேறு காரணம் இல்லை என்று இனி நம்புவாய் அல்லவா?

ஜிஷாவிடம் நான் எழுதியதை மறைக்காமல் சொல். முழுமனதோடு சம்மதம் என்று இன்று எழுதினாலும் அவள் நம்ப வேண்டியதில்லை. ஜனவரியில் எங்களுக்குப் பார்வையாளர் நாள் உண்டு. அவளைக் கூட்டி வா. பார்வையாளர் அறைக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் இருப்பேன், அந்தப் பக்கம் அவள் உட்காரட்டும். நீ வெளியே முற்றத்தில் நில். என்மேல் அவளுக்குக் கோபம் இருந்தால் அதை அவள் வாயால் கேட்க வேண்டும். பிறகு, வீட்டுக்கு வந்து நான் கேட்டிருக்க வேண்டிய பெண்ணை அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

பிரான்சிஸ்கா