ஈர்க்குச் சட்டை

சேசு மரி சூசை

எண்ணூர் உப்பளம்,
6-4-1953

அன்பு மனைவி ஞானத்துக்கு ஆசீர்வாதம் எழுதுவது.

எனக்கு ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகுக்காரர் பொன்னுரங்கம் ராயபுரம் வந்து வேறு மாதிரி சொல்லியிருப்பார். செத்தது தேசப்பன். என் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன். நடுப்பகலில் பலகையைக் கீழே போட்டுவிட்டு, "குளுருதுடா, போர்வ எடு" என்றான். சிரித்தோம். தொட்டுப் பார்த்தால் அடுப்புக்கல். மேலில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினோம். சாயங்காலம் போய்விட்டான்.

அன்றிலிருந்து அடிக்கடி பிடரியைத் தடவிப் பார்க்கிறேன், ஈரம் இருக்கிறதா என்று. சட்டையை நனைத்துப் போடலாமென்றால் நல்ல தண்ணீர் படகில் வருகிறது, குடிக்கவே பற்றாது. உப்புநீரில் நனைத்தேன். காய்ந்து தகரமாகித் தோளை அறுத்துவிட்டது. துறைமுகத்து வேலை நின்றபின் கிடைத்த வேலை, விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. நீ பயப்படாதே.

உன்
ஆசீர்வாதம்

~

ராயபுரம்,
15-4-1953

அன்பு மிகுந்த என் வீட்டுக்காரருக்கு ஞானம் எழுதிக்கொள்வது.

'பயப்படாதே' என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. எதையும் பெரிதாகச் சொல்லாத மனுஷர் நீங்கள்.

இத்துடன் ஒரு சட்டை வருகிறது. சிரிக்கக் கூடாது. கோதுமை மாவு வந்த மூட்டைத் துணி. எவ்வளவு வெளுத்தும் நீல எழுத்து போகவில்லை. துணி இரண்டடுக்கு. முதுகில் நெடுக வரிசை வரிசையாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் தென்னை ஈர்க்கைக் கட்டுக் கட்டாகச் செருகியிருக்கிறேன். மேல்துணி வெயிலை வாங்கிக்கொள்ளும். நடுவே ஒரு விரல் இடைவெளியில் காற்று ஓடும். அக்குளைத் தைக்கவில்லை. பிடரியை மூட ஒரு தொங்கல் உண்டு. நனைக்கவே வேண்டாம்.

மூன்று பாழாகி நான்காவது இது. ஒவ்வொன்றையும் நானே போட்டுக்கொண்டு உச்சிவெயிலில் கடற்கரை மணலில் நின்று பார்த்தேன். தையல் மெஷின் தந்த டோரதி அக்கா, "இன்னாடி ஞானம், புத்தி கலங்கிப்பூடுச்சா?" என்று கத்தினார். கலங்கித்தான் இருக்கிறது. போட்டுக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஞானம்

~

எண்ணூர் உப்பளம்,
27-4-1953

அன்புள்ள ஞானம்,

போட்டுக்கொண்டேன். மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும்போது யாரோ பின்னால் நின்று விசிறுவது போலிருக்கிறது. முதல் நாள் கூட்டாளி திருமலை, "இன்னா மாமு, முதுவுல தொடப்பக்கட்டைய கட்டிகினு வந்துகீற?" என்றான். மூன்றாம் நாள் அவனே, "ஒரு நாழி குடு மாமு" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு திருப்பித் தர மறுத்தான்.

கங்காணி கோதண்டமும் பார்த்தான். என் முதுகுக்குள் கையை விட்டு வெகுநேரம் நின்றான். "உன் பொஞ்சாதி கெட்டிக்காரிடா. இன்னும் பத்து தெக்கச் சொல்லு" என்று துணியைப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தனுப்புகிறான். தேசப்பனைத் தூக்கும்போது கிட்டே வராதவன் இவன். அதுதான் உறுத்துகிறது. ஆனாலும் பத்துப் பேர் பிழைப்பார்களே. தைத்து அனுப்பு.

ஆசீர்வாதம்

~

ராயபுரம்,
6-5-1953

அன்புள்ளவருக்கு,

கத்திரி பிறந்து மூன்றாம் நாள். இங்கே தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. பத்துச் சட்டையும் இந்தப் படகிலேயே வருகின்றன. டோரதி அக்கா வெட்ட, நான் தைத்தேன். ஈர்க்கு கிழித்து விரலெல்லாம் காயம்; வலிக்கவில்லை. தேசப்பன் பெண்சாதியை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. ஒரு மாதம் முன்னால் எனக்கு இது தோன்றியிருக்கக் கூடாதா?

வெகுநாளைக்குப் பிறகு இந்த வாரம்தான் தபால்காரரைக் கண்டதும் பயமில்லாமல் வாசலுக்குப் போனேன்.

ஞானம்

~

எண்ணூர் உப்பளம்,
11-5-1953

ஞானம்,

இதுவரை பதினோரு மணிக்கு நிழலுக்காகக் கொட்டகைக்குள் போனால் கடற்காற்று ஏறிய பிறகுதான் வெளியே வருவோம். சட்டைகள் வந்த மறுநாள் கோதண்டம் கொட்டகை வாசலை மறித்தான். "வெய்யிலே தெரியலன்னு நீங்கதான சொன்னீங்க? அப்பால இன்னாத்துக்கு உள்ள குந்திகினு கீறீங்க?" சட்டை போட்ட எங்களுக்கெல்லாம் உச்சிப்பொழுதும் வேலை.

அந்த நேரத்தில் மேல்காற்று நின்றுவிடும், கடற்காற்று வந்திராது. ஓடுவதற்குக் காற்றே இல்லாதபோது நீ விட்ட இடைவெளி என்ன செய்யும்? முதுகில் இரண்டு துணி, அவ்வளவுதான். திருமலை நேற்றிலிருந்து தனியாக நின்று சிரிக்கிறான். அவனை விட்டுக் கண்ணை எடுக்கப் பயமாக இருக்கிறது. என்னை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் பயமாக இருக்கிறது.

ஆசீர்வாதம்

~

ராயபுரம்,
14-5-1953

தபாலில் போட மனம் வரவில்லை. பொன்னுரங்கம் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

காற்று நின்றால் அந்தச் சட்டையும் நின்றுவிடும். தைத்தவளே சொல்கிறாள் என்று எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். உச்சிக்குக் கழற்றிப் போட்டுவிட்டு நிழலில் உட்காருங்கள். வேலை போனால் போகட்டும், என் ஊசி இருக்கிறது. உங்களைக் காப்பாற்றத் தைத்ததைக் கொண்டே உங்களை வெயிலில் நிறுத்துகிறானே. என் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. மாதாவே, இது நேரத்தோடு போய்ச் சேரட்டும்.

ஞானம்

~

எண்ணூர்,
19-5-1953

அன்புள்ள ஞானம்,

உன் கடிதம் கைக்கு வருவதற்கு ஒரு நாள் முன்பே திருமலை விழுந்துவிட்டான், சட்டையோடு. கழற்றிவிட்டுக் கொட்டகையில் கிடத்தி, அன்றைய குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றி விடாமல் விசிறினோம். உயிர் நின்றது. நாக்கு மட்டும் இன்னும் குழறுகிறது. எண்ணூரில் அவன் தங்கை சிவந்தி வீட்டில் இருக்கிறோம். அவன் நடக்கத் தொடங்கியதும் வீடு வந்து சேருகிறேன்.

மறுநாள் உன் கடிதத்தை எல்லோருக்கும் படித்தேன். உச்சிக்கு, திருமலை போக மிச்சம் பத்துப் பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். கோதண்டம் கத்திப் பார்த்தான். ஒருவரும் எழவில்லை. "நாளைக்கி வேற ஆளு வரும்" என்றான். வந்தார்கள். அவர்கள் இறங்கிய படகிலேயே எங்களை ஏறச் சொன்னான். என் சட்டை என்னிடம் இருக்கிறது. மற்ற பத்தையும் அவன் வைத்துக்கொண்டான்.

கரையிலேயே அவற்றைப் பங்கிட்டுக் கொடுத்தான். வந்தவர்களில் ஒருவன் துணியைத் தடவிப் பார்த்து, "நல்லா கீதே நைனா, யாரு தெச்சது?" என்று என்னைக் கேட்டான்.

"என் பொஞ்சாதி. காத்து நின்னா கழட்டிப் போட்டுட்டு குந்திக்கோ. அவ சொல்லச் சொன்னது."

சரியென்று தலையாட்டினான். கோதண்டம் கூப்பிட்டதும் போய்விட்டான்.

அப்போது உச்சிப்பொழுது. காற்றில்லாததால் பொன்னுரங்கம் பாயை விரிக்காமல் கோல் போட்டுத் தள்ளினார். படகு திரும்பும் வரை பார்த்துக்கொண்டே வந்தேன். உப்பு மேல் பத்து வெள்ளை முதுகுகள் குனிந்திருந்தன. ஒன்றுகூடக் கொட்டகைப் பக்கம் நகரவில்லை.

உன்
ஆசீர்வாதம்