பாங்க் மேனேஜர் சம்சாரம்

ஜூலை 8, செவ்வாய்

நல்ல வெயில். நாகையிலிருந்து கப்பல். வாந்தி வரவில்லை. கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டி வாந்தி எடுத்தால் மானமே போயிருக்கும்.

காங்கேசன்துறையில் அதிகாரி: "எங்க தங்கப் போறியள்?" முள்ளிவாய்க்கால் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "டூரிஸ்ட் விசாவில வந்து அங்க என்ன பாக்கப் போறியள்?" கல்யாணம் என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

பிறகு பஸ். ஆனையிறவில் ரோட்டோரம் உப்பு, கண் கூசும் வெள்ளை. பரந்தனில் இறங்கி வேறு பஸ். இஞ்சி போட்ட பிளேன்டீ.

ஜெசிந்தா ரோட்டிலேயே நின்றாள். அகதி முகாமிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். சண்டை முடிந்து ஊர் திரும்பியவளை இன்றுதான் பார்க்கிறேன். குண்டாகிவிட்டாள். நானும்தான். கட்டிக்கொண்டு அழுதோம், சிரித்தோம். அப்புறம் காதில் சொன்னாள்: "எடி, உன்ர அவர் பாங்க் மனேச்சர் எண்டு என்ர மனுசனுக்குச் சொல்லிப்போட்டன். மாத்திக் கதைச்சுப்போடாத."

என் வீட்டுக்காரர் ஓட்டுவது விசைப்படகு. இங்கே அதற்குப் பெயர் இந்தியன் றோலர். ஜெ.யின் கணவர் மரியதாசின் வலையை இரண்டு தரம் அறுத்துப் போனது அந்த மாதிரிப் படகுதான்.

"தெரிஞ்சால் மகளின்ர கலியாணத்தில உன்னை நிக்க விடமாட்டார்."

ஜூலை 9, புதன்

அனல் காற்று. மரியதாஸ் அண்ணன் தங்கமான மனுஷர். அதுதான் பெரிய சங்கடம். "அக்கா, கதிரையில இருங்கோ", "அக்கா, இன்னும் கொஞ்சம் போடுங்கோ." காலை புட்டு, மத்தியானம் கணவாய்க் கறி, ராத்திரி இடியாப்பம், சொதி. ஊர் திரும்பும்போது ரவிக்கை ஒன்றும் பற்றாது.

"மனேச்சருக்குக் கடல் எண்டால் பயமோ?" என்று கேட்டார். ரொம்பப் பயம் என்றேன். ஜெ. அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

கல்யாணப் பெண் அனிதா சேலை கட்டிக் காட்டினாள். அழகி. கோயிலில் இவள் மாலையோடு நிற்பதைப் பார்க்காமல் போக மாட்டேன்.

வாங்க வேண்டியவை: ரிப்பன், ஊசி, எனக்குத் தலைவலித் தைலம்.

ஜூலை 10, வியாழன்

விடியற்காலை கரைவலை இழுக்கப் போனோம். கயிற்றில் கை வைத்த யாராக இருந்தாலும் கறிக்கு மீன் உண்டு, இங்கே அதுதான் வழக்கம். நானும் பிடித்தேன். உள்ளங்கை சிவந்துபோச்சு. என்ன சந்தோஷம்!

மீன் நிறைந்த வலைமடி கரையேறியது. மணலெல்லாம் துள்ளல். காரல், குட்டி நெத்தலி. என் வாய் சும்மா இருந்ததா?

"இந்தப் பொடியெல்லாம் கோழித்தீனிக்கா அண்ணே?"

எல்லாரும் நிமிர்ந்தார்கள். இவர்களுக்கு அது மத்தியானக் குழம்பு. மண்வெட்டியால் அள்ளிக் கோழித்தீனிக்கு அனுப்புவது எங்கள் துறைமுகத்தில். அதுவும் விசைப்படகு கொண்டுவரும் பொடியைத்தான்.

மரியதாஸ் அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, உங்கட மனுசன் எந்த பாங்கில?"

ஜெ. தரையைப் பார்த்தாள்.

"பாங்க் இல்லண்ணே. போட்டு ஓட்டுறாரு. நீங்க சொல்ற அந்த றோலருதான்."

அவர் வலைப் பக்கம் போய்விட்டார். பெட்டியைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று நின்றேன். பயம். பயத்தைவிட வெட்கம்.

பங்கு பிரித்தார்கள். என் காலடியில் ஒரு குவியல், முழுக்கக் காரல் பொடி.

"கயிறு பிடிச்சனீங்கள். இந்தாங்கோ." முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "இண்டைக்கு நீங்கள்தான் கோழி."

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

காரல் சொதி, மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன். இத்தனை வருஷம் இதையா கோழிக்குப் போட்டோம்!

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். பந்தல் வேலை. ம. அண்ணன் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. மத்தியானம் வந்து நின்றார்.

"போனைப் போடுங்கோ. உங்கட மனேச்சரோட கதைக்க வேணும்."

நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். ஒரே சத்தம். வலை, எல்லை, குஞ்சு மீன், கடன். பந்தல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்காரரும் விடவில்லை. பிறகு சத்தம் தணிந்தது. பிறகு "ஓம்... ஓம்..." பிறகு இரண்டு ஊர் டீசல் விலை. நானும் ஜெ.யும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"திங்கள்கிழமை கலியாணம். அக்கா நிண்டுதான் வருவா," என்றார் கடைசியில். "அடுத்தது மகன்ர கலியாணம். அதுக்கு நீங்களும் வாங்கோ. விசா எடுத்து, கப்பலில ஏறி, வடிவா வாங்கோ. றோலரில மட்டும் வந்திடாதேங்கோ!"