சித்தி மனப்பாடம் செய்த எண்

ஏப்ரல் 12, சனி

மாதாப்பூரில் பெண்கள் வரைந்த ஓவியங்களைப் பார்க்கச் சித்தியோடு போனேன். ஆடையில்லாமல் திரும்பி உட்கார்ந்திருந்த ஒருத்தியின் ஓவியத்தின் முன் சித்தி வெகுநேரம் நின்றாள்.

“முதுகுல ஒரு தழும்புகூட இல்ல, பாருடி.”

இந்த வெயிலிலும் சித்தி முழுக்கை ரவிக்கைதான் போட்டிருந்தாள்.

வீட்டில் அடிபடும் பெண்கள் உதவிக்கு அழைக்கும் எண்ணை அட்டையில் அச்சிட்டுக் கண்காட்சி வாசலில் கொடுத்தார்கள். அதைச் சித்தியின் பையில் வைக்கப் போனேன்.

“நக்கோடி, வேணாம்! உங்க சித்தப்பா பையைத் துழாவுவார். நம்பரைச் சொல்லு, மனப்பாடம் பண்ணிக்கறேன்.”

பஸ்ஸில் லாலாகுடா வரும்வரை இருவரும் முணுமுணுத்துக்கொண்டே வந்தோம். இறங்கும்போது தப்பில்லாமல் சொன்னாள்.

“ஃபர்ஸ்ட் ரேங்க், சித்தி!”

சிரித்தாள். பிறகு அந்த வீட்டுக்கே போனாள்.

கட்டிலில் சுவரோரம் ஒதுங்கிப் படுத்து இதை எழுதுகிறேன். எந்த ராத்திரி வந்தாலும் மீதி இடம் சித்திக்கு.